மண் பெர்மிட் யார் கையில்? அரசியல் நியமனங்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுவான்கரையில் ஆற்று மண் பற்றிக் கூட்டம் போட்டாலும் சரி, திருக்கோவிலில் கரையோர மணலிலிருந்து எடுக்கும் இல்மனைட் கனியம் பற்றிக் கூட்டம் போட்டாலும் சரி, கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்விதான்: தடுக்க வேண்டிய கந்தோர் ஏன் தடுக்கவில்லை? அந்தக் கந்தோரின் தலைவரை யார் நியமித்தார்கள், யார் நினைத்தால் அவரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். மீதியைக் கேள்வி கேள்வியாகப் பார்ப்போம்.

ஆற்று மண் அள்ள பெர்மிட் கொடுப்பது பிரதேச செயலாளர்தானே?

இல்லை. முதல் குழப்பமே இங்கேதான். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி கனியம் அரசுக்குச் சொந்தம். உங்கள் பெயரில் உறுதிப்பத்திரம் இருக்கிற காணியானாலும் வியாபாரத்துக்கு மண் அள்ள அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். பிரதேச செயலாளர், நீர்ப்பாசனத் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை, இடத்தைப் பொறுத்து வன இலாகா, தொல்லியல் திணைக்களம் என்று பலரும் தங்கள் தங்கள் பக்கத்துக் கடிதத்தைக் கொடுப்பார்கள். ஆற்றங்கரை உடைந்து வயலுக்குள் தண்ணீர் வந்த பிறகு சனம் பிரதேச செயலகத்தில் போய்ச் சத்தம் போட்டால், பெர்மிட் கொடுத்தது பணியகம் என்பார்கள். பணியகத்தில் கேட்டால், எல்லாத் திணைக்களமும் ஆட்சேபனை இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. பொறுப்பு இப்படிப் பத்து மேசைக்குப் பிரிந்து கிடப்பது மண் அள்ளுகிறவருக்குத்தான் வசதி.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணியகத்தின் வருமானத்தில் பெரும்பகுதி வருவது அனுமதிக் கட்டணத்திலிருந்தும், அள்ளுகிற மண்ணுக்கும் கல்லுக்கும் செலுத்தப்படும் உரிமைத்தொகையிலிருந்தும். கூடுதலாக அள்ளினால் கூடுதலாக வருமானம் வரும் ஒரு நிறுவனத்திடம் அள்ளுவதைக் கட்டுப்படுத்தும் வேலையையும் கொடுத்திருக்கிறோம். யாரும் இலஞ்சம் வாங்காவிட்டாலும் இது கோணலான ஏற்பாடுதான்.

திணைக்களம், அதிகார சபை, பணியகம், ஆணைக்குழு... எல்லாமே அரசாங்கம்தானே, வித்தியாசம் என்ன?

பெரிய வித்தியாசம் இருக்கிறது, இதை விளங்கிக்கொள்ளாமல் மற்றதைப் பேச முடியாது.

நீர்ப்பாசனம், வனம் போன்ற திணைக்களங்களின் தலைமைக்கு வழமையாக அரச சேவையில் படிப்படியாக உயர்ந்து வந்தவர்களே வருகிறார்கள். அரசியலமைப்பின்படி திணைக்களத் தலைவர்களின் நியமனம் அமைச்சரவையிடம் இருந்தாலும், பொதுச் சேவை ஆணைக்குழுவின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். அதிகார சபை, பணியகம், சபை, கூட்டுத்தாபனம் என்று பெயர் வைத்தவை வேறு வகை. இவற்றின் உச்சியில் ஒரு தலைவரும் ஒரு பணிப்பாளர் சபையும் இருக்கும், பெரும்பாலும் பொறுப்பான அமைச்சரோ ஜனாதிபதியோ நேரே நியமிப்பார். தேர்தலில் கூடவே நின்று உழைத்தவர், நிதி கொடுத்தவர், வேட்புமனுக் கிடைக்காமல் மனம் நொந்தவர், தோற்றவர் எல்லாருக்கும் இடம் பார்ப்பது இங்கேதான். ஆட்சி மாறினால் அத்தனை தலைவர்களும் இராஜினாமாக் கடிதம் கொடுப்பது எழுதாத வழக்கம். சட்டத்தில் தவணை எத்தனை வருடம் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் தவணை அமைச்சர் இருக்கும் வரைதான்.

மூன்றாவது வகை, சுயாதீன ஆணைக்குழுக்கள். தேர்தல், பொதுச் சேவை, பொலிஸ், மனித உரிமைகள், இலஞ்ச ஊழல், கணக்காய்வு போன்றவை. இவற்றுக்கு, நாடாளுமன்ற உறுப்பினர்களும் வெளியாட்களும் இருந்து உயர் நியமனங்களைப் பார்க்கும் அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரை வேண்டும். ஆற்றையும் காட்டையும் கடற்கரையையும் காக்க வேண்டிய நிறுவனங்கள் இந்த மூன்றாவது வகைக்குள் இல்லை. கிழக்கில் எங்களுக்கு மிகவும் தேவையானவை அந்த இரண்டாவது வகையில்தான் கிடக்கின்றன.

அப்படியென்றால் அரசியல் நியமனம் எல்லாமே பிழையா?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சனம் வாக்குப் போட்டு ஒரு அரசாங்கத்தை அனுப்பினால், அந்த அரசாங்கத்தின் கொள்கையை நடத்த அதற்கு நம்பிக்கையான ஆட்கள் வேண்டும்தான். ஒரு வீதி அபிவிருத்தி நிறுவனத்துக்கோ சுற்றுலாச் சபைக்கோ அமைச்சர் தன் ஆளைப் போடுவதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை, ஆள் வேலை தெரிந்தவராக இருந்தால் சரி. ஆனால் "வேண்டாம்" என்று சொல்வதே வேலையாக உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. பெர்மிட் மறுப்பது, விலையைக் கட்டுப்படுத்துவது, மருந்தைத் திருப்பி அனுப்புவது. அந்த நாற்காலியில் இருப்பவரை ஒரு தொலைபேசி அழைப்பில் தூக்கலாம் என்றால் அவர் யாருக்கு "வேண்டாம்" சொல்வார்? நியமித்த விதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், நீக்கும் விதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நீக்குவதைச் சட்டத்தால் கடினமாக்கினால் போதுமா?

போதாது, ஆனால் உதவும். மின்சாரக் கட்டண விவகாரத்தைப் பாருங்கள். மின்சாரக் கட்டணத்துக்கு அனுமதி கொடுக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உறுப்பினர்களை நியமிக்க அரசியலமைப்புப் பேரவையின் இணக்கம் வேண்டும், நீக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் வேண்டும். 2020 டிசம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து இந்த ஆணைக்குழுவையே மூடிவிட நடவடிக்கை எடுக்கும்படி கடிதம் போனது. சட்டத்தால் உருவான ஒன்றைக் கடிதத்தால் மூட முடியவில்லை. பிறகு 2023 பெப்ரவரியில் கட்டணம் 66 வீதம் கூடியபோது அப்போதைய தலைவர் ஜனக ரத்நாயக்க வெளிப்படையாக எதிர்த்தார். ஆணைக்குழுவின் மற்ற உறுப்பினர்கள் அவர் இல்லாமலேயே அனுமதி கொடுத்தார்கள். அமைச்சர் குற்றச்சாட்டுகளைக் கொண்டுவந்தார், 2023 மே 24 அன்று நாடாளுமன்றத்தில் 123 பேர் ஆதரவாகவும் 77 பேர் எதிராகவும் வாக்களித்து அவரை நீக்கினார்கள்.

அவர் செய்தது எல்லாம் சரி என்று வாதாட நான் வரவில்லை. அவரும் ஒரு தொழிலதிபர், அவரையும் ஒரு ஆட்சிதான் கொண்டுவந்தது. ஆனாலும் அந்த நீக்கம் பகிரங்கமாக நடந்தது, குற்றச்சாட்டு எழுத்தில் இருந்தது, யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது நாடாளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் இருக்கிறது. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் என்ன செய்தார் என்று கேட்கலாம். ஒரு சபைத் தலைவர் வெள்ளிக்கிழமை இருந்து திங்கட்கிழமை இல்லாமல் போனால் யாரிடம் என்ன கேட்பது?

இதே ஆணைக்குழு 2025 ஜனவரியில், கட்டணத்தை மாற்றத் தேவையில்லை என்று மின்சார சபை கேட்டிருந்தபோது, மாகாணம் மாகாணமாகக் கருத்துக் கேட்டுவிட்டு சராசரியாக 20 வீதம் குறைத்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பு ஒன்று நிமிர்ந்து நின்றால் வீட்டுக்கு வரும் பில்லிலேயே தெரியும்.

அரசியலமைப்புப் பேரவை வந்தும் பெரிதாக மாறவில்லையே?

வந்தது, போனது, வந்தது, போனது, திரும்ப வந்தது. 2001 இல் 17 ஆவது திருத்தத்தில் பிறந்தது. 2005 இல் முதல் பேரவையின் காலம் முடிந்தது. அடுத்த பேரவைக்குச் சிறிய கட்சிகளின் உறுப்பினரைத் தெரிவுசெய்வதில் இழுபறி வந்தது, அதைக் காரணம் காட்டிப் பேரவை கூட்டப்படவே இல்லை, ஜனாதிபதி நேரே நியமிக்கத் தொடங்கினார். 2010 இல் 18 ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. 2015 இல் 19 திரும்பக் கொண்டுவந்தது, 2020 ஒக்டோபரில் 20 எடுத்தது, 2022 ஒக்டோபரில் 21 மறுபடி கொடுத்தது. இப்போது பத்துப் பேரில் ஏழு பேர் நாடாளுமன்ற உறுப்பினர்கள், மூன்று பேர் வெளியாட்கள்.

ஆளுங்கட்சி நியமிக்கப் பார்க்கிறது, மற்றவர்கள் தடுக்கிறார்கள். தடுப்பதும் ஒரு அரசியல்தானே?

சில நேரம் ஆம், சில நேரம் அதுதான் அவர்கள் கடமை. 2025 ஏப்ரலில் கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்றார். அதற்குப் பிறகு நிரந்தரமாக ஒருவரை நியமிப்பது மாதக்கணக்கில் இழுபட்டது, ஜனாதிபதி அனுப்பிய பெயர்களைப் பேரவை ஏற்கவில்லை. அரசாங்கத்தின் கணக்கைப் பார்க்கிறவரை அரசாங்கம் தனியே தெரிவுசெய்யக் கூடாது என்பது நியாயம். ஆனால் கதிரை காலியாகக் கிடந்தாலும் பதில் கடமையில் ஒருவர் இருந்தாலும் கணக்குப் பார்க்கும் வேலை தளரும் என்பதும் உண்மை. பெயர் அனுப்புகிறவர் ஏன் இந்த ஆள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும், மறுக்கிறவரும் ஏன் வேண்டாம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அப்படி நடந்தால் எது கடமை, எது முட்டுக்கட்டை என்று சனத்துக்கே தெரியும்.

முழு முட்டுக்கட்டை எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் மாகாண சபையைப் பாருங்கள்.

ஏன், கிழக்கு மாகாண சபைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 அன்று முடிந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள், புதிய தொகுதி எல்லை நிர்ணயம் இல்லாமல் தேர்தல் வைக்க முடியாது என்றானது. 2018 ஓகஸ்டில் எல்லை நிர்ணய அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிராக வாக்களித்தார்கள், ஆதரவாக ஒருவர்கூட இல்லை, அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சரே எதிராக வாக்களித்தார். மீளாய்வுக் குழுவுக்கு இரண்டு மாதம் கொடுத்தார்கள், அது அறிக்கை கொடுக்கவே இல்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. தெற்கின் கட்சிகள் மட்டும் செய்தது என்று நினைக்க வேண்டாம், எங்கள் பக்கத்து ஆட்களும் அந்தச் சபையில்தான் இருந்தார்கள்.

அன்றிலிருந்து மாகாணத்தை நடத்துவது ஆளுநர், அவரை நியமிப்பது ஜனாதிபதி. 2019 டிசம்பரிலிருந்து 2023 மே வரை ஒருவர், பிறகு 2024 செப்டெம்பர் வரை இன்னொருவர், பிறகு வேறொருவர். நல்லவராக வந்தால் நல்லது நடக்கும், இல்லாவிட்டால் கேட்க ஆளில்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரையில் 2020 இல் வெளி மாவட்டத்து ஆட்களைப் பயிர்ச்செய்கைக்குக் கொண்டுவந்ததில் அப்போதைய ஆளுநருக்குப் பங்கு இருக்கிறது என்பது பண்ணையாளர்களின் குற்றச்சாட்டு. நிலம் மகாவலி அதிகார சபையின் கீழ், அதுவும் கொழும்பில் ஓர் அமைச்சின் கீழ். 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியில் குந்தியதற்குக் காரணம், தங்கள் வாக்கால் வந்தவர் என்று சொல்லக்கூடிய ஒருவர்கூட முடிவெடுக்கிற கதிரையில் இல்லாததுதான்.

கம்பனிக்காரருக்கும் அதிகாரிகளுக்கும் தொடர்பு என்றால் இலஞ்சம்தானே? அதை எப்படி நிரூபிப்பது?

உறைக்குள் காசு வைத்துக் கொடுப்பது ஒரு வழி, ஆனால் அது சின்ன வழி. பெரிய வழிகள் சட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பெரிய திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையை எழுதுகிற நிபுணர்களுக்குச் சம்பளம் கொடுப்பது திட்டத்தைக் கொண்டுவருகிற அதே ஆள்தான். தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது, சட்டப்படி சரி. அந்த நிபுணருக்கு அடுத்த வேலையும் அந்தத் தொழில்துறையிலிருந்துதான் வர வேண்டும், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்த எண்ணம் ஒரு மூலையில் இருக்கும். பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும், டிப்பர் இன்னொருவருடையது, பின்னால் நிற்பவர் மேடையில் ஏறுகிறவர். 2024 டிசம்பரில் மதுபானசாலை அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வெளிவந்தபோது நாடே பேசியதும் இதைத்தான்: அரசியல் ஆதரவுக்குப் பதிலாக அனுமதிப்பத்திரம்.

2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச்செல்ல அனுமதிப்பத்திரம் தேவையில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. ஏழைகளுக்கு வீடு கட்ட மண் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். வீதியில் டிப்பரை மறிக்கும் பொலிஸ்காரரிடம் கேட்பதற்கு இருந்த ஒரே பேப்பர் அது. ஒரே முடிவில் போனது, அடுத்த வருடம் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது. இதில் எந்த அதிகாரியும் பத்து சதம் வாங்கியிருக்கத் தேவையில்லை.

நிரூபிப்பதைப் பற்றி: 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் தனக்கு நலன் உள்ள விடயத்தில் பதவியை வைத்து முடிவெடுப்பதும் குற்றமாக வந்திருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். ஆனால் "எல்லாருக்கும் தெரியும்" என்று முறையிட்டால் நகராது. பெயர், திகதி, வாகன இலக்கம், இடம் இவ்வளவும் வேண்டும்.

இல்மனைட் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே, ஏன் எதிர்க்கிறீர்கள்?

வேலை தேவை என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை, மத்திய கிழக்குக்குப் போகிற பிள்ளைகளை இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். கதிரவெளியிலும் திருக்கோவில், விநாயகபுரம் பக்கமும் சனம் எதிர்த்து நிற்பது வேலைக்கு எதிராக அல்ல. கரையோர மண்ணை அள்ளினால் நன்னீர்க் கிணறு உவராகுமா, கடல் உள்ளே வருமா என்ற கேள்விக்குக் கம்பனியிடமிருந்து சம்பளம் வாங்காத ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள். ஒலுவில் இருக்கிறதே கண்ணுக்கு முன்னால். 2008 இல் தொடங்கி 2013 இல் துறைமுகத்தைத் திறந்தார்கள், அதற்குப் பிறகு ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னங்காணியையும் கரைவலைக்காரரின் இடத்தையும் தின்றது, துறைமுக வாயையும் மணல் மூடியது. அந்தத் திட்டத்துக்கும் எல்லாக் கந்தோரிலும் பேப்பர் இருந்தது.

முழு மதிப்பீட்டு அறிக்கை என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுக்க வேண்டும், பத்திரிகையில் தமிழிலும் அறிவித்தல் வர வேண்டும், அறிக்கை பிரதேச செயலகம் போன்ற இடத்தில் பார்வைக்கு இருக்கும். அந்த 30 நாளைத் தவறவிட்டுவிட்டுப் பிறகு வீதியில் இறங்குவதுதான் எங்கள் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. வெறும் முதற்கட்ட அறிக்கையோடு முடித்துவிட்டால் அந்தக் கட்டாயக் கருத்துக்கேட்பும் இல்லை, அதனால் எந்த வகை அறிக்கை கேட்கப்பட்டது என்பதை முதலிலேயே விசாரியுங்கள்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானம் எடுத்தால் நிறுத்தலாம்தானே?

தொலைக்காட்சியில் நன்றாக இருக்கும். சட்டத்தில் அந்தக் குழுவுக்கு பெர்மிட்டை இரத்துச் செய்யும் அதிகாரம் கிடையாது, அதன் தலைவரும் ஜனாதிபதி நியமிக்கும் ஒரு அரசியல்வாதிதான். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எல்லா அதிகாரிகளையும் ஒரே மேசையில் இருத்திக் கேள்வி கேட்க முடிவது நல்ல விடயம். கூட்டறிக்கையில் அதிகாரி சொன்ன பதில் பதிவாகியிருந்தால் அதுதான் பெறுமதி.

எங்கட கட்சிக்காரர் அமைச்சரானால் இதெல்லாம் சரியாகாதா?

இந்தக் கேள்வி வரும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். எங்கட ஆள் வந்தால் எங்கட ஆளுக்கு பெர்மிட், அவங்கட ஆள் வந்தால் அவங்கட ஆளுக்கு. ஆற்றுக்கு யார் அள்ளினாலும் ஒன்றுதான். 2018 இல் பெரிய புல்லுமலையில் தண்ணீர் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராகச் சனம் எழும்பி, செப்டெம்பரில் மாவட்டத்தில் கடையடைப்பும் நடந்தது. நிலத்தடி நீர் எவ்வளவு எடுப்பார்கள், யார் அளப்பார்கள், வரட்சியில் சுற்றுக் கிராமங்களின் கிணறு என்னவாகும் என்ற நியாயமான கேள்விகள் இருந்தன. ஆனால் ஊர்ப் பேச்சில் அது சீக்கிரமே தமிழர், முஸ்லிம் கதையாகப் போனது. அப்படிப் போனதும் கந்தோர்க்காரரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மூன்று இனமும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இடங்கள் இருக்கின்றன, இனத்தைப் பார்த்து பெர்மிட்டை எதிர்க்கிறவருக்கு அடுத்த பெர்மிட்டை எதிர்க்க வாய் வராது.

பெர்மிட் கொடுக்க மறுத்த அதிகாரியை மாற்றிவிட்டார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

"சேவையின் தேவை கருதி" என்று ஒரு வரியில் கடிதம் வரும். அந்த அதிகாரி பொதுச் சேவை ஆணைக்குழுவுக்கும், அதற்கு மேல் நிர்வாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் போகலாம், அது அவருடைய வழி. உங்களுடைய வழி கந்தோரில் இருக்கும் கோவை, அதாவது ஃபைல். அவர் மறுத்து எழுதிய குறிப்பு அவரோடு பஸ் ஏறிப் போகாது, கோவையில் இருக்கும். புதியவர் அதற்கு மாறாக முடிவெடுத்தால் ஏன் என்று எழுத வேண்டும். அந்தப் பழைய குறிப்பின் பிரதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஒரு விண்ணப்பம் வந்துவிட்டது என்று தெரிந்தாலே பேனை பிடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்.

சரி, தகவல் உரிமை விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. படிவம் இருக்கிறது, இல்லாவிட்டால் வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. அம்பாறைக் கச்சேரிக்கானாலும் தமிழில் எழுதி தமிழில் பதில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

"எங்கள் ஊரில் சட்டவிரோதமாக மண் அள்ளுவது ஏன்?" என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் அல்ல, முறைப்பாடு. இப்படிக் கேளுங்கள்: இந்த ஆற்றின் இந்தப் பகுதிக்கு இன்ன மாதத்திலிருந்து இன்ன மாதம் வரை கொடுத்த அனுமதிப்பத்திரங்களின் இலக்கம், யார் பெயரில், எத்தனை கியூப், எல்லை எது, எந்தத் திகதியில் முடிகிறது, நிபந்தனைகளின் பிரதி, பணியகம் வந்து பார்த்த திகதிகளும் அந்தக் கள அறிக்கைகளும், செலுத்திய உரிமைத்தொகை. பிரதேச செயலகத்திலும் நீர்ப்பாசனத்திலும் அவர்கள் கொடுத்த கடிதங்களின் பிரதியைத் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பக்கத்துப் பேப்பரும் கையில் வந்தால்தான் கடிதத்தில் போட்ட நிபந்தனை பெர்மிட்டில் இருக்கிறதா, வழியில் காணாமல் போனதா என்று தெரியும்.

தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூன்று வாரத்துக்குள் தீர்மானிக்க வேண்டும், அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பம் கொடுத்த அன்றே திகதி போட்டுப் பற்றுச்சீட்டு வாங்கிவிடுங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத்தபாலில் அனுப்புங்கள், ஏனென்றால் மேன்முறையீட்டில் முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான்.